டேலி பூட்டப்பட்ட பனியன் யூனிட்: மீட்ட விதம், செய்த வரிசையிலேயே

ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல், ஒரு யூனிட்டின் கணினிகளைத் தாக்கியது. அதன் கணக்கு மென்பொருளான டேலியை பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்த்த மூன்றாவது ரீஸ்டோர் சோதனை 2 மணி 10 நிமிடத்தில் முடிந்தது. காலி எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் போடுவதில் தொடங்கி, டேலியைத் திறந்து முந்தைய நாள் டே புக்கின் கடைசி வவுச்சர் எண்ணை ஒத்துப் பார்த்தது வரைக்குமான நேரம் அது. முதல் சோதனையில் கம்பெனி திறக்கவே இல்லை. இரண்டாவதில் டேட்டா வந்தது, லைசென்ஸ் வரவில்லை. மூன்றாவது ஒழுங்காக வந்த பிறகே இதை எழுத உட்கார முடிந்தது.

இடம் திருப்பூர், சிறிய பனியன் ஏற்றுமதி யூனிட். கணினிகள் ஒன்பது: டேலி டேட்டா இருக்கும் கணினி, அக்கவுண்ட்ஸ், மெர்ச்சன்டைசர் (பையர் ஆர்டர்களைக் கவனிப்பவர்) இருவருடையவை, கேட் (CAD, கணினியில் பேட்டர்ன் வரைவது) டிசைனருடையது, ப்ளாட்டரை (பேட்டர்னைத் தாளில் வரையும் இயந்திரம்) ஓட்டும் விண்டோஸ் 7 கணினி, எச்.ஆர்., ஸ்டோர்ஸில் பார்கோடு ஒட்டும் கணினி, முதலாளியின் லேப்டாப். இவை போக சி.சி.டி.வி. பதிவுப் பெட்டியான டி.வி.ஆர்., விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவி, இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டர். சனிக்கிழமை இரவு அணைக்காமல் விட்டுப் போன நான்கு கணினிகள் பூட்டப்பட்டன: டேலி, அக்கவுண்ட்ஸ், ஒரு மெர்ச்சன்டைசர், கேட். அணைத்துவிட்டுப் போன ஐந்தும் தப்பின. இரவில் கணினியை அணைப்பது காசில்லாத பாதுகாப்பு. அதைப் பலரும் மின்சாரக் கணக்காக மட்டுமே பார்க்கிறார்கள்.

முதல் ஒரு மணி நேரம்

முதல் வேலை நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து லேன் கேபிள்களை உருவுவது, அடுத்தது ரவுட்டரின் வைஃபையை நிறுத்துவது. கணினிகளை அப்போதைக்குத் தொடவில்லை. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: ஹார்டு டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தால் பூட்டும் வேலை இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். அப்போது பவர் கேபிளையே பிடுங்க வேண்டும், ஷட் டவுன் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. இங்கே விளக்கு அமைதியாக இருந்தது, எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

பிறகு போனில் திரையைப் படம் எடுத்து, மிரட்டல் குறிப்பையும் பூட்டிய கோப்புகளில் இரண்டையும் புது பென் டிரைவில் எடுத்து வைத்தோம். கோப்புப் பெயர்களின் வாலில் சதுர அடைப்புக்குள் ஒரு அடையாள எண், அடுத்து ஒரு மின்னஞ்சல் முகவரி, கடைசியில் புது நீட்சி. மேகாப் என்ற ரான்சம்வேர் வகைக்கு இந்தப் பெயரமைப்பு பொருந்தும். பூட்டைத் திறக்கும் கருவிகளை இலவசமாகத் தரும், 2016 முதல் இயங்கும் நோ மோர் ரான்சம் தளத்தில் மாதிரியைக் கொடுத்துப் பார்த்ததில் திறக்கும் கருவி எதுவும் கிடைக்கவில்லை.

தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930-இல் புகார் பதிந்தோம். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, இப்படி ஒரு சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்கும் தகவல் போக வேண்டும். சிறு யூனிட்டுக்கும் இது பொருந்தும். நடந்த நேரம், பாதித்த கணினிகள், வெளி ஐ.பி. முகவரி, குறிப்பின் படம் ஆகியவை கையில் இருந்தால் மின்னஞ்சல் எழுத இருபது நிமிடம் போதும்.

பூட்டப்பட்ட நான்கு டிஸ்க்குகளையும் கழற்றி, தேதி எழுதிய சீட்டு ஒட்டி, ஆன்டி-ஸ்டேட்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்தோம். இந்த இடத்தில் சிக்கனம் பார்த்து அதே டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள். செய்யவே கூடாது. போபோஸ் என்ற ரான்சம்வேர் வகை பல வருடம் சாவியில்லாமல் சுற்றியது. 2025 ஜூலையில் ஜப்பான் காவல்துறை அதற்கு இலவசக் கருவி வெளியிட்டது. பழைய டிஸ்க்கைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கே அதனால் பலன் கிடைத்தது.

பூட்டியவன் எந்த வழியாக வந்தான்

இது தெரியாமல் புது விண்டோஸ் போட்டால் அடுத்த வாரமே திரும்ப வருவான். டேலி டிஸ்க்கை ஒரு தனிக் கணினியில் இரண்டாவது டிஸ்க்காக, எழுத முடியாத நிலையில் மாட்டி, விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளான ஈவன்ட் லாக்குகளைத் திறந்தோம்.

இங்கே முதல் தவறான திருப்பம். ரிமோட் டெஸ்க்டாப் (ஆர்.டி.பி., வெளியிலிருந்து கணினியை இயக்கும் வசதி) வழி தோல்வியுற்ற நுழைவுகளைத் தேட, ஈவன்ட் 4625-ஐ லாகான் டைப் 10 என்று வடிகட்டினோம். ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் வழி ஆர்.டி.பி. இல்லை என்று முடிவெடுத்து, மின்னஞ்சல் இணைப்புகளை அரை நாள் துழாவினோம். உண்மையில், என்.எல்.ஏ. என்ற பாதுகாப்பு வசதி இயங்கும் கணினியில் கடவுச்சொல் சோதனை திரை வருவதற்கு முன்பே நடந்துவிடும். அதனால் தோல்விகள் டைப் 3 (நெட்வொர்க் நுழைவு) என்றே பதிவாகும். வடிகட்டியை 3-க்கு மாற்றியதும் பட்டியல் கொட்டியது. நொடிக்கு இரண்டு மூன்று முயற்சிகள், பெயர்கள் அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், சர்வர், யூசர்1, டேலி, மறுபடி அட்மினிஸ்ட்ரேட்டர்.

செக்யூரிட்டி லாக்கின் இயல்பான அளவு 20 எம்.பி. மட்டுமே. இந்த வேகத்தில் முயற்சிகள் வந்தால் அது சில மணி நேரத்தில் நிறைந்து பழையதை அழித்துக்கொள்ளும். நுழைந்த தருணம் அதில் இல்லை. அது டெர்மினல் சர்வீசஸ் லோக்கல் செஷன் மேனேஜர் என்ற தனி லாக்கில் இருந்தது: ஈவன்ட் 21, சனி இரவு 11.38, பயனர் டேலி, மூல முகவரி வெளிநாட்டு ஐ.பி. இந்த லாக்கைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை, வருபவனும் அழிக்க மறந்துவிடுகிறான். முதலில் இதைத்தான் திறந்திருக்க வேண்டும்.

வாசல் திறந்த கதை இது. வீட்டிலிருந்து டேலி பார்க்க ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே ஒரு கணினிக்கு அனுப்பும் விதி) போடப்பட்டிருந்தது. ஆர்.டி.பி.யின் வழக்கமான எண்ணான 3389 என்று தெரியக் கூடாது என்பதற்காக வெளி எண்ணை 33890 ஆக்கியிருந்தார்கள். இணையத்தை வருடும் ஸ்கேனர்கள் எந்த எண்ணில் இருந்தாலும் ஆர்.டி.பி.யை அடையாளம் காணும், எண்ணை மாற்றுவது கதவுக்கு வேறு வர்ணம் அடிப்பதுபோல. ஒரே நேரத்தில் இருவர் நுழைய வேண்டும் என்று ஆர்.டி.பி. ராப்பர் என்ற நிரல் போடப்பட்டிருந்தது. விண்டோஸ் அப்டேட் வந்தால் அது உடையும், ஆகவே அப்டேட் நிறுத்தப்பட்டிருந்தது. டேலி என்ற பயனருக்கு அட்மின் உரிமை, கடவுச்சொல் டேலி என்ற பெயரோடு ஒரு அட் குறியும் 123-ம். எல்லாக் கணினிகளிலும் அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல் ஒன்றே. ஒரு கணினியில் நுழைந்தவன் மற்ற மூன்றுக்கும் போனது இப்படித்தான்.

விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஏன் கத்தவில்லை? விலக்குப் பட்டியலில் சி டிரைவ் முழுக்க இருந்தது. விண்டோஸை இலவசமாக ஆக்டிவேட் செய்யப் போட்ட கருவியின் வேலை அது. கிராக் போட்ட கணினி எதுவானாலும் முதலில் இந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

கணக்கை மீட்டது

டேலி கணினியில் நிரந்தரமாகச் செருகி வைத்திருந்த யு.எஸ்.பி. டிஸ்க்கும் பூட்டப்பட்டிருந்தது. விண்டோஸ் தானே எடுத்து வைக்கும் ஷேடோ காப்பிகள் அழிக்கப்பட்டிருந்தன. நல்ல நிலையில் கிடைத்த ஒரே பிரதி ஆடிட்டர் அலுவலகத்தில், 23 நாள் பழையது. அந்த 23 நாளை இப்படிக் கட்டினோம்: விற்பனைக்கு ஜி.எஸ்.டி. போர்ட்டலில் இ-இன்வாய்ஸ் விவரங்கள், கொள்முதலுக்கு அதே போர்ட்டலின் 2பி அறிக்கை எக்செல், வரவு செலவுக்கு வங்கி ஸ்டேட்மென்ட், ஜாப் ஒர்க்குக்கு வாசல் கேட் பாஸ் புத்தகமும் டி.சி. (டெலிவரி சலான்) கட்டுகளும். யூனிட்டின் விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்பதால் 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அந்தக் கட்டாயம் இப்போது கைகொடுத்தது. பேட்டா, ஜாப் ஒர்க் கூலி போன்ற ரொக்கச் செலவுகளுக்கு வவுச்சர் கட்டுகள் மட்டுமே மிஞ்சின. இரண்டு பேர் ஆறு நாள் உட்கார்ந்து பதிவு செய்தார்கள். கேட் கணினியில் இருந்த மார்க்கர் (துணி வெட்டும் வரைபடம்) கோப்புகளில் பெரும்பகுதி ப்ளாட்டர் கணினியில் பிரதியாக இருந்தது. மீதி போனது போனதுதான்.

கணினிகளைத் திரும்பப் போட்டது

அக்கவுண்ட்ஸ், இரண்டு மெர்ச்சன்டைசர், லேப்டாப் ஆகிய நான்கும் பிராண்டட். அவற்றின் பயாஸிலேயே விண்டோஸ் சாவி இருந்தது, இருந்தும் அவற்றில் கிராக் ஓடிக்கொண்டிருந்தது. அதே பதிப்பை புதிதாகப் போட்டதும் தானாக ஆக்டிவேட் ஆனது. லைசென்ஸ் வாங்கும் முன் இதைச் சோதித்துப் பாருங்கள், பல ஆயிரம் மிச்சமாகும். டேலியும் கேடும் அசெம்பிள் செய்தவை, அவற்றுக்கு இரண்டு லைசென்ஸ் வாங்கினோம். எச்.ஆர்., ஸ்டோர்ஸ் இரண்டும் நான்காம் தலைமுறை ப்ராசஸர், விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் எட்டாம் தலைமுறை ரீஃபர்பிஷ்டு கணினிகள் இரண்டு வாங்கினோம். பழைய இரண்டில் ஒன்றுக்குப் பின்னால் நல்ல வேலை காத்திருந்தது.

எல்லாருக்கும் சாதாரண யூசர் கணக்கு, அட்மின் கணக்கு தனி, கணினிக்குக் கணினி வேறு கடவுச்சொல். உடனே ஸ்டோர்ஸின் பார்கோடு மென்பொருள் ஓட மறுத்தது. அது தன் அமைப்புக் கோப்பை ப்ரோக்ராம் ஃபைல்ஸ் உள்ளேயே எழுதும் பழைய ரகம். இந்த இடத்தில் சலித்துப்போய் திரும்ப அட்மின் உரிமை கொடுத்துவிடுவார்கள். தேவையில்லை, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் மாடிஃபை அனுமதி கொடுத்தால் ஓடும்.

தவறான கடவுச்சொல் 5 முறை அடித்தால் 15 நிமிடம் பூட்டு. இதில் ஒரு ஓட்டை உண்டு: விண்டோஸோடு பிறந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு பழைய பதிப்புகளில் இந்தப் பூட்டுக்குக் கட்டுப்படாது. 2022 அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகு அதற்கென்று தனிக் கொள்கை வந்திருக்கிறது, அதை இயக்கினோம். அந்தக் கணக்கையும் முடக்கினோம்.

அனுமதியில்லாத நிரல் கோப்புகளை மாற்றுவதைத் தடுக்கும் கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸை இயக்கி டேலி டேட்டா ஃபோல்டரையும் அதில் சேர்த்தோம். முதல் நாள் காலை வவுச்சர் சேமிக்க முடியவில்லை என்று குரல் வந்தது. டேலியின் எக்சிகியூட்டபிளை அனுமதிப் பட்டியலில் சேர்க்காததே காரணம்.

மெர்ச்சன்டைசர்களுக்கு டெக் பேக் (ஆடையின் அளவு, வடிவ விவரங்கள்) ஜிப் கோப்பாக வருவது வழக்கம். அவர்கள் கணினிகளில் இரண்டு சிறு மாற்றங்கள்: கோப்பு நீட்சிகள் எப்போதும் தெரியும்படி வைத்தது, ஜாவாஸ்கிரிப்ட், வி.பி.எஸ்., எச்.டி.ஏ. கோப்புகள் நோட்பேடில் திறக்கும்படி மாற்றியது. தவறிப்போய் இரட்டைக் கிளிக் செய்தாலும் எழுத்துகள்தான் தெரியும், எதுவும் ஓடாது.

ஹெக்ஸின் ஐந்து போர்ட்டுகள்

முதலில் ரவுட்டரில் இருந்த ஆர்.டி.பி. ஃபார்வர்டை நீக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தோம். வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் இருந்துகொண்டு போனின் போர்ட் ஸ்கேன் ஆப்பில் வெளி ஐ.பி.யைச் சோதித்தபோது 554-ம் 8000-ம் திறந்திருந்தன. டி.வி.ஆர்., கருவிகள் தாமே ரவுட்டரில் போர்ட் திறக்கும் யு.பி.என்.பி. வசதி வழியாகத் தானே வாசல் திறந்துகொண்டிருந்தது. ஃபார்வர்டு பட்டியலில் அது தெரியாது, யு.பி.என்.பி. அட்டவணை தனிப் பக்கத்தில் இருக்கும். யு.பி.என்.பி.யை நிறுத்தி, ரவுட்டரை மறுதொடக்கம் செய்து, மறுபடி வெளியிலிருந்து சோதித்தோம். வெளியிலிருந்து பார்க்காமல் இந்த வேலையை முடிந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐ.பி.வி6 இருந்தால் அதன் ஃபயர்வாலையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

அடுத்து பிரிப்பு. நெட்வொர்க்கைப் பிரிக்கும் வி-லேன் ஸ்விட்ச் வாங்காமல், ஐந்து போர்ட் உள்ள மைக்ரோடிக் ஹெக்ஸ் ரவுட்டர் ஒன்றில் ஒவ்வொரு போர்ட்டையும் தனி நெட்வொர்க் ஆக்கினோம். போர்ட் 1 இணையம். 2 அலுவலகக் கணினிகள். 3 ப்ளாட்டர் கணினி மட்டும். 4 டி.வி.ஆரும் விரல்ரேகைக் கருவியும். 5 பேக்கப் பெட்டி. இந்த அளவு யூனிட்டுக்கு இது போதும், கேபிளைக் கையால் தொட்டு எது எங்கே போகிறது என்று காட்டலாம் என்பதால் எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது. பழைய ரவுட்டரின் வைஃபையை ஹெக்ஸுக்கு முன்னாலேயே விட்டுவிட்டோம். பையர் தரப்பில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருபவர்கள் அதில் இணையலாம், உள்ளே எதையும் தொட முடியாது.

ஹெக்ஸை மாட்டும் முன் ரவுட்டர் ஓ.எஸ்.ஸைப் புதுப்பித்து, டெல்நெட், எஃப்.டி.பி., வெப், ஏ.பி.ஐ. சேவைகளை நிறுத்தினோம், அதை அமைக்கும் மென்பொருளான வின்பாக்ஸ் அலுவலகத்தின் ஒரே ஒரு ஐ.பி.க்கு மட்டும். 2018-இல் வின்பாக்ஸ் ஓட்டை வழியாக மைக்ரோடிக் ரவுட்டர்கள் ஏராளமாக ஹேக்கர்கள் கைக்குப் போயின. புதுப்பிக்காமல் விட்டால் பூட்டே வாசலாகிவிடும்.

ஃபயர்வால் விதி வரிசையில் ஒரு பிழை செய்தோம். நெட்வொர்க்குகளுக்கு இடையே எல்லாவற்றையும் தடு என்ற விதி, ஏற்கெனவே ஏற்பட்ட இணைப்பை அனுமதி என்ற விதிக்கு மேலே போய்விட்டது. எச்.ஆர். கணினி விரல்ரேகைக் கருவியை 4370 போர்ட்டில் கேட்கும், பதில் திரும்பி வராது. இரண்டு நாள் வருகைப் பதிவு இறங்கவில்லை. கருவி கெட்டுவிட்டதோ என்று அதைக் கழற்றியும் மாட்டியாயிற்று. விதிகள் மேலிருந்து கீழே படிக்கப்படும் என்பதை மனதில் வைத்து, இணைப்பு அனுமதியை முதல் வரியாக்கியதும் சரியானது.

ப்ளாட்டர் கணினி தனிச் சிக்கல். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. ஆனால் ப்ளாட்டர் மென்பொருளின் டாங்கிளுக்கு (லைசென்ஸ் இருக்கும் யு.எஸ்.பி. சாவி) புது விண்டோஸில் டிரைவர் இல்லை. அதனால் அதை வேலி போட்டு வைத்தோம்: இணையம் கிடையாது, கேட் கணினியின் ஐ.பி.யிலிருந்து கோப்புப் பகிர்வுக்கான 445 போர்ட் மட்டும் உள்ளே வரும், அது தானாக வெளியே எதையும் தொடங்க முடியாது. பழைய கோப்புப் பகிர்வு முறையான எஸ்.எம்.பி.1 நீக்கப்பட்டது. 2017 மே மாதம் வானாக்ரை ரான்சம்வேர் பரவிய வழி அதுதான். விண்டோஸ் 7 எஸ்.எம்.பி.2-லேயே பேசும் என்பதால் மார்க்கர் அனுப்புவதில் தடங்கல் இல்லை.

வெளியிலிருந்து டேலி பார்க்க ஹெக்ஸிலேயே வயர்கார்டு என்ற வி.பி.என். பழைய ரவுட்டரில் ஒரே ஒரு யு.டி.பி. போர்ட் ஃபார்வர்டு, அது மட்டும்தான் இப்போது திறந்திருக்கும் வாசல். சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது, ஸ்கேனருக்கு அங்கே ஒன்றும் இல்லாததுபோலத் தெரியும். முதலாளி, ஆடிட்டர், இருவருக்கும் தனித்தனிச் சாவி. போன் தொலைந்தால் அந்த ஒரு சாவியை மட்டும் அழித்தால் போதும்.

பேக்கப், மூன்று முயற்சிகள்

அதிக நேரம் போனது இதில்தான், போகட்டும் என்றே விட்டோம்.

முதல் முயற்சியில் யூனிட்டில் சும்மா கிடந்த ஒரு-டிஸ்க் என்.ஏ.எஸ். (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்பு) பெட்டியை டேலி கணினியில் இசட் டிரைவாக இணைத்து, இரவு பிரதி எடுக்க வைத்தோம். பிறகு அக்கவுண்டன்ட் லாகினில் உட்கார்ந்து இசட் டிரைவில் ஒரு ஃபோல்டரை அழித்துப் பார்த்தோம். அழிந்தது. நம் கை அழிக்க முடிந்ததை ரான்சம்வேரும் அழிக்கும், அதுவும் அதே லாகினில்தான் ஓடப்போகிறது. கூகுள் டிரைவ் ஒத்திசைவிலும் இதே குறை: பூட்டிய கோப்பை அது விசுவாசமாக மேலே ஏற்றிவிடும். பழைய பதிப்புகள் 30 நாள் இருக்கும் என்றாலும் பல ஆயிரம் கோப்புகளை அங்கிருந்து பின்னுக்கு இழுப்பது நடைமுறையில் ஆகாத காரியம்.

இரண்டாவது முயற்சியில் திசையைத் திருப்பினோம். கணினி பேக்கப்பைத் தள்ளக் கூடாது, பேக்கப் பெட்டி வந்து இழுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டோர்ஸிலிருந்து ஓய்வு பெற்ற நான்காம் தலைமுறைக் கணினியில் டெபியன் லினக்ஸ் போட்டு, 2 டி.பி. டிஸ்க் மாட்டி, ஹெக்ஸின் ஐந்தாம் போர்ட்டில் வைத்தோம். அலுவலகத்திலிருந்து இந்தப் பெட்டிக்கு எந்த இணைப்பும் போகாது. பெட்டியிலிருந்து டேலி, கேட் கணினிகளின் 445-க்குப் போகும். அங்கே அதற்கென்று ஒரு கணக்கு, ஷேரிலும் ஃபோல்டரிலும் படிக்கும் அனுமதி மட்டும். பெட்டியை இயக்க அதன் விசைப்பலகைக்கு முன்னால் உட்கார வேண்டும். ஆர்சிங்க் என்ற நிரல் மாறிய கோப்பை மட்டும் இழுக்கும், மாறாததற்கு ஹார்ட் லிங்க் (பழைய பிரதியையே சுட்டும் இணைப்பு) போடும். அதனால் ஒவ்வொரு நாளும் முழுப் பிரதிபோல ஒரு ஃபோல்டர் இருக்கும், இடம் மாற்றங்களுக்கு மட்டுமே செலவாகும். 14 தினசரி, 8 வார, 12 மாதப் பிரதிகள்.

டேலி டேட்டா 4 ஜி.பி.க்கும் குறைவு. டிசைன், டெக் பேக், மார்க்கர் எல்லாம் சேர்ந்து 410 ஜி.பி. முதல் இழுப்பு 10 மணி நேரத்தைத் தாண்டியது. டிஸ்க்கைச் சந்தேகப்பட்டோம். காரணம் மேசைக்கு அடியில் இருந்த பழைய 100 எம்.பி.பி.எஸ். ஸ்விட்ச், நொடிக்கு 11 எம்.பி.க்கு மேல் அது தராது. கிகாபிட் ஸ்விட்ச் மாற்றியதும் அதே அளவு ஏறக்குறைய 2 மணி நேரத்தில் வந்தது.

இந்தப் பிரதியை வைத்துச் செய்த முதல் ரீஸ்டோர்தான் திறக்காமல் போனது. மதியம் 1.30-க்கு இழுக்க வைத்திருந்தோம், அந்த நேரம் இரண்டு பேர் டேலியில் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஐந்து இலக்கப் பெயருள்ள கம்பெனி ஃபோல்டரில் ஒரு கோப்பு பழைய நிலையிலும் இன்னொன்று புது நிலையிலும் வந்து சேர்ந்திருந்தது. அளவும் எண்ணிக்கையும் சரியாக இருந்ததால் வெளியில் ஒன்றும் தெரியவில்லை. திறந்து பார்த்திருக்காவிட்டால் உடைந்த பிரதிகளையே மாதக்கணக்கில் சேர்த்துவைத்திருப்போம்.

மூன்றாவது முயற்சி, இப்போது ஓடுவது. மதியம் 1.15-க்கு அக்கவுண்டன்ட் டேலியின் சொந்த பேக்கப் வசதியால் ஒரு தனி ஃபோல்டருக்கு எடுக்கிறார், பெட்டி 1.40-க்கு அந்த ஃபோல்டரை மட்டும் இழுக்கிறது. இரவு 9 மணிக்கு எல்லாரும் டேலியை மூடியபின் 9.30-க்கு எல்லா ஃபோல்டரையும் இழுக்கிறது. 11 மணிக்குக் கணினிகள் அணைகின்றன.

பெட்டியில் ஒரு காவலும் வைத்தோம். சாதாரண நாளில் மாறும் கோப்புகள் 150 முதல் 400 வரை. ஒரே இழுப்பில் 2,000-க்கு மேல் மாறியிருந்தால் பழைய பிரதிகளைக் கழிக்கும் வேலை நின்று, டெலிகிராமில் செய்தி வரும். இதைச் சோதிக்க 2,500 போலிக் கோப்புகளை உருவாக்கி, பேக்கப் ஆனபின் அவற்றைக் கடவுச்சொல்லோடு ஜிப் ஆக்கி மூலத்தை அழித்தோம். காவல் வேலை செய்தது, செய்தி வரவில்லை. பெட்டிக்கு வெளியே 443 (இணையத்தள போர்ட்) மட்டும் திறந்துவிட்டு, தளப் பெயரை முகவரியாக்கும் டி.என்.எஸ்.ஸை மறந்திருந்தோம்.

டேலி கணினியின் செக்யூரிட்டி லாக்கை 1 ஜி.பி. ஆக்கி, அதையும் தினமும் எடுத்து 180 நாள் வைக்கிறது பெட்டி. செர்ட்-இன் உத்தரவு கேட்கும் காலமும் அதுவே. பயாஸில் மின்சாரம் திரும்பினால் தானே எழும்படி அமைத்தோம். அது இல்லாததால் ஒரு மின்தடைக்குப் பிறகு நான்கு இரவு பேக்கப் இல்லாமல் போயிருந்தது.

வெளியே ஒரு பிரதி வேண்டும். 2 டி.பி. யு.எஸ்.பி. டிஸ்க் இரண்டு, அ என்றும் ஆ என்றும் பெயர். சனிக்கிழமை ஒன்று வரும், மற்றது முதலாளி வீட்டுக்குப் போகும். இரண்டும் முழுதாகக் குறியாக்கம் செய்தவை. சாவிச் சொல் காகிதத்தில் இரண்டு இடங்களில் உண்டு, எந்தக் கணினியிலும் இல்லை.

இரண்டாவது ரீஸ்டோர் சோதனை நின்ற இடம் டேலி லைசென்ஸ். பழைய டிஸ்க் பூட்டப்பட்டதால் லைசென்ஸைச் சரண்டர் செய்து (பழைய கணினியிலிருந்து விடுவித்து) மாற்றும் வாய்ப்பு இல்லை. புதிதாக ஆக்டிவேட் செய்தால் அன்லாக் சாவி பதிவான மின்னஞ்சலுக்குப் போகும், அந்த முகவரியோ வேலையை விட்டுப் போனவருடையது. மாற்றி வாங்க இரண்டு வேலை நாள் ஆனது. உங்கள் டேலி எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

மெயில்

வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று பையருக்குப் போலி மெயில் போவது ஏற்றுமதியில் ரான்சம்வேருக்கு இணையான ஆபத்து. எல்லா மெயில் பெட்டிகளிலும் இரண்டு-படி சரிபார்ப்பு, கூடவே யாருக்கும் தெரியாத தானியங்கி ஃபார்வர்டு விதி உண்டா என்ற தேடல். டொமைனில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் (நம் பெயரில் வரும் மெயில் உண்மையா என்று சோதிக்க உதவும் பதிவுகள்) மூன்றும் போட்டோம். புது எஸ்.பி.எஃப். வரியைச் சேர்க்கும்போது பழைய வரியை நீக்கவில்லை. ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்.பி.எஃப். இருந்தால் இரண்டுமே செல்லாது, இரண்டையும் ஒரே வரியாக்கினோம். டிமார்க்கை நான்கு வாரம் கண்காணிப்பில் வைத்து, பிறகு க்வாரன்டைன் (ஸ்பாமில் போடு), பிறகு ரிஜெக்ட் (ஏற்காதே). இவை நம் டொமைனைப் போலி செய்வதை மட்டுமே தடுக்கும், ஒரு எழுத்து மாற்றிப் பதிந்த வேறு டொமைனை அல்ல. அதனால் ப்ரொஃபார்மா இன்வாய்ஸிலேயே, வங்கி விவரம் மெயிலில் மாறாது, மாறினால் பழைய பர்ச்சேஸ் ஆர்டரில் உள்ள எண்ணுக்கு அழைத்து உறுதி செய்யவும் என்ற வரி சேர்ந்தது.

செலவு, அடுத்த முறை

ஹெக்ஸ் ரூ.6,200. கிகாபிட் ஸ்விட்ச் 1,600. 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இரண்டு 7,600 (டேலிக்கும் அக்கவுண்ட்ஸுக்கும்; பூட்டப்பட்ட மற்ற இரண்டுக்கும் இருப்பிலிருந்த டிஸ்க்குகள்). பேக்கப் பெட்டிக்கு 2 டி.பி. டிஸ்க் 5,400. வெளி டிஸ்க் இரண்டு 12,600. ரீஃபர்பிஷ்டு கணினி இரண்டு 35,000. விண்டோஸ் லைசென்ஸ் இரண்டு 28,000. யு.பி.எஸ். 3,000. ஆக ரூ.99,400. இதில் 63,000 கணினிகளுக்கும் லைசென்ஸுக்கும், அதாவது எப்படியும் செய்திருக்க வேண்டிய செலவு. நெட்வொர்க்கும் பேக்கப்பும் யு.பி.எஸ்.ஸும் சேர்ந்து 28,800 மட்டுமே.

மறுபடி செய்வதானால் வரிசையை மாற்றுவேன். ஃபயர்வாலுக்கு முன் பேக்கப் பெட்டி. பிரிப்பு வேலை நடந்த ஒன்பது நாளும் புதிதாகப் பதிந்த கணக்குக்கு ஒரு பென் டிரைவைத் தவிர வேறு பிரதி இல்லை, நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. பெட்டியில் ஒரு டிஸ்க்குக்குப் பதில் இரண்டை மிரர் செய்வேன். நெட்வொர்க் வரைபடத்தை முதல் நாளே காகிதத்தில் போட்டு ஹெக்ஸின் மூடியில் ஒட்டியிருப்பேன், விரல்ரேகைக் கருவியோடு போன இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

ப்ளாட்டர் கணினி இன்னும் விண்டோஸ் 7-தான். அதன் டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து ஒரு பிரதியை பீரோவில் வைத்தாயிற்று. டாங்கிளுக்கு மட்டும் மாற்று இல்லை. அது இப்போது கணினியின் பின்பக்கம், யாரும் காலால் இடிக்காதபடி சிறு எக்ஸ்டென்ஷன் கேபிளில் தொங்குகிறது.